உட்காராத வெந்நீர்

ஒரு வீட்டில் பீர் காய்ச்சுவதற்காக, முளைகட்டிய பார்லியை ஊறவைத்துச் சல்லடையில் குவித்திருந்தார்கள். மேலே ஊற்றும் வெந்நீர் பார்லியின் இனிப்பை அலசிக்கொண்டு கீழே அண்டாவுக்கு வந்து சேர வேண்டும்.

முதல் செம்புத் தண்ணீர் ஒரே குதியாகக் குதித்தது. பார்லியின் நடுவே பள்ளம் பறித்துக்கொண்டு நேராக அண்டாவில் விழுந்தது.

"என்னடா, போன மாதிரியே வந்திருக்கே?" என்றது அண்டா.

"அந்தப் பார்லியம்மாகிட்ட ஒண்ணுமே இல்லண்ணே. மகா கஞ்சம்!"

"அப்படியா? அப்போ பார்லியை மாட்டுக்குப் போட்டுடலாம்" என்ற அண்டா, அந்தத் தண்ணீரை மறுபடி செம்புக்கே துரத்திவிட்டது.

பார்லி புலம்பியது. "ஐயோ, 'வாங்க'ன்னு வாயைத் திறக்கிறதுக்குள்ள போயிட்டாரே!"

கரண்டி வந்து பள்ளத்தை மூடியது. அடுத்த செம்புத் தண்ணீர் மெல்ல இறங்கி, ஒவ்வொரு மணியிடமும் நின்று நலம் விசாரித்தது. அண்டாவுக்கு வந்தபோது அது தேன் நிறத்தில் பிசுபிசுத்தது.

"அடேயப்பா! எப்படிடா?"

"கிளம்பவே விடலண்ணே. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு கொடுத்துக்கிட்டே இருந்தாங்க."

பார்லி மாட்டுக்குத் தப்பியது. முதல் தண்ணீருக்குத்தான் பொறுக்கவில்லை. "ஆள் பார்த்துப் பரிமாறுறாங்க! என்னை இன்னொரு தடவை அனுப்புங்க. ரெண்டு மடங்கு வாங்கிட்டு வரேன்."

செம்பு சாய்ந்தது. பார்லி முகமெல்லாம் சிரிப்பாக, "வாங்க, வாங்க, முதல்ல இப்படி..." என்று ஆரம்பித்தது.

"போயிட்டு வரேம்மா!" என்று குரல் கேட்டது, அண்டாவுக்குள்ளிருந்து.