ஒரே ஒரு பிரிண்ட்

"நெகட்டிவக் குடுங்க."

உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரோடு அப்படியே நின்றாள். பெண் பார்க்க இன்னும் நாள்கூடக் குறிக்கவில்லை. அதற்குள் பெண்ணே தனியாக பஸ் ஏறி வந்து கூடத்தில் நிற்கிறாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

திறக்கட்டும்.

மாப்பிள்ளை வீட்டுக்குப் போன எதையும் திருப்பிக் கேட்கக் கூடாது என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். அவர்களாகப் படத்தைத் திருப்பித் தந்தால் பெண் பிடிக்கவில்லை. நாமாகக் கேட்டால் மாப்பிள்ளை பிடிக்கவில்லை.

'அப்படிச் சொல்ற எடத்துலயாடி நாம இருக்கோம்?'

படம் அங்கேயே இருக்கட்டும், நெகட்டிவைத்தானே கேட்கப்போகிறேன் என்றாள் இவள்.

எல்லாம் ஒன்றுதான் என்றாள் அம்மா.

தப்பு அம்மாவுடையது. ஸ்டூடியோ கவரிலிருந்து படத்தை மட்டும் எடுத்துத் தரகரிடம் தந்திருக்கலாம். கவர் பளபளவென்று இருந்தது. வெறும் படமாகக் கொடுத்தால் நம்மை மதிக்க மாட்டார்கள் என்று கவரோடு தூக்கிக் கொடுத்துவிட்டாள். உள்ளே இருந்த பழுப்பு ஃபிலிமைப் படத்தோடு சும்மா தருகிற ஏதோ என்று நினைத்தாளாம்.

திட்டவும் முடியவில்லை. காலேஜ், கேமரா, நெகட்டிவ் எல்லாமே அம்மா வீட்டுக்குள் முதன்முதலாக இவளோடு வந்தவைதான்.

கேமரா முழுக்கப் பிளாஸ்டிக். டியூஷன் காசில் பஜாரில் வாங்கியது. பின்மூடி நிற்காது, ரப்பர் பேண்டு போட்டிருந்தாள். திருப்ப, திருக ஒன்றும் கிடையாது. பார். அமுக்கு. கட்டைவிரலால் சக்கரத்தைத் தள்ளு. கர்ரக்.

ஜியாலஜி வகுப்போடு கஞ்சமலை ஏறியபோது பாறையிலிருந்து உருண்டு விழுந்தது. எடுத்து மண்ணை ஊதிவிட்டு அடுத்த படம் பிடித்தாள். சாருடைய பெரிய கேமரா, தூசி படுமென்று, அன்றைக்குப் பையை விட்டே வரவில்லை. அதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

கையிலிருந்த காசுக்கு ஒரே ஒரு பிரிண்ட்தான் போட முடிந்தது. கூடப் படிக்கிற இந்துமதி கேமராவைப் பிடுங்கி எடுத்தது. தொப்பியும் சேறும் சிரிப்புமாக இவள்.

மற்றதெல்லாம் நெகட்டிவில். ஒன்றிரண்டு தவிர எல்லாம் அவள் எடுத்த படங்கள். வேலை கிடைத்ததும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

"அதுக்கா கண்ணு இத்தன தூரம் வந்த?" மாப்பிள்ளையின் அம்மா இப்போது சிரித்தாள். "காபியக் குடி சாமி. டேய் தனசேகரு, அந்த ஃபிலிம எடுத்தாடா."

தனசேகர்தான் மாப்பிள்ளை. ஜவ்வரிசி மில்லில் சூப்பர்வைசர். உள்ளேயிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தான்.

பிரித்தாள்.

ஒரு துண்டு. விரல்நகம் இரண்டு சேர்த்த அகலம். கத்தரி ஒருபக்கம் கோணலாகப் போயிருந்தது. அதில் இவள், கறுத்த பல்லும் வெள்ளை முடியுமாக.

"பெருசு பண்ணி ஃப்ரேம் போடலாம்னு வெட்டி வெச்சேங்க," என்றான்.

"மிச்சம்?"

தனசேகர் அம்மாவைப் பார்த்தான்.

"டியூப்லைட்டுல புடிச்சுப் பாத்தோம் கண்ணு. பாதி வெறும் பாறை. அதுமேல ஒரு சுத்தியல வெச்சு வெச்சு எடுத்திருக்க. அது எதுக்கு?"

"பாறை எவ்ளோ பெருசுன்னு தெரியறதுக்கு."

"என்னமோ போ. மீதியில யார் யாரோ ஆம்பளப் பசங்க. ஒருத்தன் உன் தோள்மேல கை வெச்சிருக்கான்."

"வழுக்குச்சு. புடிச்சான்."

"இருக்கட்டும் சாமி, நான் ஒண்ணுமே கேக்கலியே. நாளைக்கு நாலு பேரு பாத்தா உனக்குத்தான் அசிங்கம். வெந்நி அடுப்புல போட்டுட்டேன். அப்பப்பா, என்ன நாத்தம்!" டம்ளரை இன்னும் கிட்டே நீட்டினாள். "இவங்கப்பாவுக்குக்கூடச் சொல்லல. பயப்படாத."

பயப்படாதே என்கிறாள். உதவி செய்திருக்கிறாளாம்.

இவர்களிடம் எங்கிருந்து ஆரம்பித்துக் கத்துவது? அவள் படமெடுத்த, மடிப்பு மடிப்பாகக் கிடந்த அந்தக் கல்லின் வயதிலிருந்தா? அதைப் பார்க்க வெயிலில் குப்புறப் படுத்துக் கிடந்ததிலிருந்தா? அடுப்பில் போனதை இந்த உலகத்தில் வேறு யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை என்பதிலிருந்தா?

நல்லவர்கள் மாதிரிதான் இருந்தார்கள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

தனசேகர் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அந்த டப்பாக் கேமராவுக்கா இவ்ளோ வருத்தப்படறீங்க? கல்யாணத்துக்கப்புறம் நல்லதா ஒண்ணு வாங்கிடலாம். நானே உங்கள எடுக்கறேன்."

அவள் அவனை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். கெட்டவன் இல்லை. நிஜமாகவே எடுப்பான். வாராவாரம் எடுப்பான். பூச்செடிப் பக்கத்தில் நிறுத்தி, கொஞ்சம் சிரிங்க என்பான்.

துண்டு ஃபிலிமைத் துப்பட்டா முனையில் முடிந்தாள்.

"படம் எங்க?"

"படமா?" மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "அத அன்னிக்கே சாமிகிட்ட வெச்சுட்டேனே. வா, வந்து பாரு."

சமையலறையை ஒட்டிய மாடம். முருகன் படத்தின் சட்டத்தில் செருகியிருந்தார்கள். தொப்பி, சேறு, சிரிப்பு. ஓரத்தில் புதிதாக ஒரு குங்குமப் பொட்டு.

அவள் கையை நீட்டி உருவினாள். சட்டம் ஆடி நின்றது.

"ஏ கண்ணு... ஏ புள்ள! அத எடுத்தா என்ன அர்த்தம்னு தெரியுமா உனக்கு?"

அவள் கூடத்தைத் தாண்டியிருந்தாள். வாசற்படியில் குனிந்து, கட்டைவிரலால் படத்திலிருந்த குங்குமத்தைத் துடைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டாள்.