பதினாலாம் நம்பர் கண்ணாடி

மத்தியானம் சூரிய கிரகணம். காலையிலேயே மொட்டைமாடியில் ஒத்திகையை ஆரம்பித்துவிட்டார் வெல்டர்.

தண்ணீர்த் தொட்டி மறைக்காத இடமாகப் பார்த்து நாற்காலி போட்டாயிற்று. வெறுங்கண்ணால் அண்ணாந்தால் முதுகுத்தோலை உரித்துவிடுவேன் என்று மகளை மிரட்டியும் ஆயிற்று. ஒரே பெண்ணின் கண் விஷயம், விடுவாரா மனிதர்?

வெல்டிங் முகமூடிக்குப் போடும் பதினாலாம் நம்பர் கண்ணாடி ஒன்று புதிதாக வாங்கி வந்திருந்தார். இருப்பதிலேயே கருப்பு அதுதான். சூரியனைப் பார்க்க அதை விட்டால் வேறில்லை என்று பட்டறையில் எல்லோரும் சொன்னார்களாம்.

அதைக் கண்ணில் வைத்து அண்ணாந்தவர், கடைக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார்.

"நல்லா ஏமாத்திட்டான் பாவி. ஒண்ணுமே தெரியல, ஒரே இருட்டு!"

பிறகு, இரும்பு வெட்டும்போது போடுகிற, கருப்பு குறைந்த ஐந்தாம் நம்பரை எடுத்துப் பார்த்தார். இதில் கூசவே இல்லையாம். வட்டமாக நன்றாகத் தெரிகிறதாம். மகள் இதிலேயே பார்க்கட்டுமாம்.

மனைவி அதை வாங்கி ஒரு கணம்தான் பார்த்தாள். கண்ணில் ஊசி குத்தினாற்போல் இருந்தது. சட்டென்று இறக்கிவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பதினாலாம் நம்பரை வைத்துப் பார்த்தாள்.

சூரியன் பச்சையாக, விளிம்பு பிசகாமல் தெரிந்தது.

அவளுக்குப் பகீரென்றது. அடக் கடவுளே, இவர் கண்ணை நம்பித்தானே மூன்று வயிறும் இருக்கிறது! பட்டறைக்குத் தெரிந்தால் நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சொன்னால் மனிதர் இடிந்துபோவார். சொல்லாவிட்டால் பெண்ணின் கண் போய்விடும்.

"ஆமாங்க, ஒண்ணும் தெரியல," என்றாள். "கண்ணாடியே வேணாம். அட்டையில ஊசியால ஓட்டை போட்டு, தரையில விழற வெளிச்சத்தைப் பாத்துக்கலாம்."

மகள் சும்மா இருப்பாளா? பதினாலாம் நம்பரைப் பிடுங்கி அண்ணாந்தாள். போச்சு, இப்போது உண்மையைப் போட்டு உடைக்கப்போகிறாள் என்று அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மகள் வெகுநேரம் பார்த்தாள். கண்ணாடியை இறக்கினாள்.

"எனக்கும் தெரியலப்பா. அட்டையே போதும்."

அவர் இன்னொரு தடவை கடைக்காரனைத் திட்டிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். மகள் முந்திக்கொண்டு அவருக்கு முன்னால் இறங்கினாள்.

"இன்னும் ரெண்டு படி இருக்குப்பா," என்றாள், திரும்பிப் பார்க்காமலேயே.

"சரிடா," என்று காலைத் துழாவி அடுத்த படியில் வைத்தார் அவர்.

இரண்டு பேருமே இதற்கு ரொம்ப நாளாகப் பழகியிருந்தார்கள்.