கொஞ்சம் கிரீஸ்

மோட்டார் சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றி மடியில் சாய்த்துக்கொண்டேன். அதன் மூடியைத் திறக்கத்தான் கை வரவில்லை.

அந்த மூடிக்குள்ளேதான் பிரேக் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்து, தேய்ந்துபோன பிரேக் ஷூவை எடுத்துவிட்டுப் புதியது போட்டது நான். நேற்றுக் காலை அந்த வண்டியிலிருந்து விழுந்தது என் கணவர்.

உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கையில் மாவுக்கட்டு, தாடையில் தையல், வாயைத் திறக்க முடியாதபடி தலையைச் சுற்றி ஒரு கட்டு. கல்யாணமான நாளிலிருந்து என்னால் முடியாததை அந்த டாக்டர் ஒரே கட்டில் சாதித்துவிட்டார். வேறு நேரமாக இருந்தால் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

"பொம்பளை கை வச்ச பிரேக். கடையில கொடுத்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

இது என் நாத்தனார், அவருடைய அக்கா; நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தார். காரில் வரும்போது சொன்னார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார். விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், அவர் கேட்காமலேயே சொன்னார்.

பதில் சொல்ல எனக்கும் வாய் உண்டு. தையல் ஆலையில் ஒரு தளம் முழுக்க மெஷின்களைப் பழுதுபார்த்து ஓடவைப்பவள் நான். ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் பிரேக் எனக்குப் பெரிய வித்தையில்லை. ஆனாலும் எனக்கே சந்தேகம் இருந்தது.

கிரீஸ்.

பிரேக்கை மிதித்தால் உள்ளே ஒரு சின்னத் தண்டு திரும்பும். அது ஷூவைத் தள்ளி, சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்மோடு உரசவைக்கும். அந்தத் தண்டு இறுகிப்போகாமலிருக்கக் கொஞ்சம் கிரீஸ் வைக்க வேண்டும். கொஞ்சம்தான். கூடிப்போனால் சூட்டில் உருகி ஷூவில் வழிந்துவிடும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் வழுக்கும், பிடிக்காது.

ஞாயிற்றுக்கிழமை நான் கிரீஸ் வைத்த நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆபீஸில் யாரோ யாரையோ திட்டிய கதையை இரண்டு பேர் குரலிலும் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். எவ்வளவு வைத்தேன், மீதியைத் துடைத்தேனா இல்லையா? யோசித்து யோசித்துப் பார்த்தும் நினைவுக்கு வரவில்லை.

அவரிடமே கேட்டேன், பிரேக் பிடிக்கவில்லையா, தலையை மட்டும் ஆட்டுங்கள் என்று. கட்டிலின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அண்ணி. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அக்காவின் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இன்று வண்டியை ஒரு வேனில் ஏற்றி வந்து மாடிப்படிக்குக் கீழே இறக்கிவிட்டுப் போனார்கள். ஹேண்டில்பார் வளைந்திருந்தது. ஹெட்லைட் இருந்த இடத்தில் ஒயர்கள் தொங்கின. நான் ஸ்பானரைக் கையில் எடுத்ததும் அண்ணி முதல் படியில் வந்து உட்கார்ந்தார். போய்ப் படுங்கள் என்றேன், காதில் விழாத மாதிரி இருந்தார். என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

வருவது வரட்டும் என்று மூடியை இழுத்தேன்.

ஸ்பிரிங்குகள் மாட்டிய இடத்தில் இருந்தன. தண்டின் அடியில் கிரீஸ் இருந்தது, கடுகளவு.

ஷூவின் மேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்தி இழுத்தேன். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

பிசுக்கு இல்லை. காய்ந்த சாம்பல் நிறப் பொடிதான். அடுத்த ஷூவிலும் அதேதான். டிரம்மின் உள்பக்கம் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி பளபளத்தது.

துடைத்திருக்கிறேன். அவ்வளவு சிரிப்புக்கு நடுவிலும் கை தன் வேலையைச் செய்திருக்கிறது.

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். என் கையால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அது போதும்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. நேற்றிலிருந்து சேர்த்துவைத்த பதில்களெல்லாம் வரிசைகட்டி நின்றன. எதை முதலில் எடுத்துவிடலாம் என்று யோசித்தபடி, பொடி படிந்த விரலை அண்ணியின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"நல்லாப் பாருங்க. பிரேக்ல ஒரு குறையும் இல்ல."

அவர் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. படியிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வெறுந்தரையிலேயே உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை பாரும்மா. ஏதாவது இருக்கும்." குரல் கெஞ்சியது. "நான்தான் அவனுக்குப் போன் பண்ணினேன். ஒரு கையில போனை வச்சுப் பேசிக்கிட்டே வண்டியை ஓட்டினான். அவன் விழுந்த சத்தம் என் காதுலதான் கேட்டுச்சு."

நீட்டிய விரலை மடக்கிக்கொண்டேன். கோபம் இருக்கத்தான் செய்தது. ஆனால் நேற்று முழுக்க நான் தவித்த அதே தவிப்பைத்தான் இவரும் தவித்திருக்கிறார். எனக்காவது கழற்றிப் பார்க்க ஒரு சக்கரம் இருந்தது.

"நீங்க கூப்பிடலைன்னா அவரே உங்களைக் கூப்பிட்டிருப்பாரு, அண்ணி. அந்த வாயைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?"

அண்ணி அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை.

உள்ளே கட்டிலைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நாங்கள் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் அந்த மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை.