பதினெட்டு மீட்டர்

ஐம்பது வயதில் அந்த வேன் டிரைவர் ஆன்லைனில் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் படிக்க உட்கார்ந்தார். இயக்க ஆற்றலும் உந்தமும் லேசில் மண்டையில் ஏறவில்லை. ஒரே பாடத்தைப் பத்துத் தடவை ஓடவிட்டுப் பார்த்தார். மூன்று மாதமாகச் சோறு தண்ணீர்கூட நினைவில்லை.

ஞாயிறு காலை நேரலை வகுப்பில் டீச்சரிடம் கெஞ்சினார்.

"பிரேக் போட்ட தடம் பதினெட்டு மீட்டர் டீச்சர். காய்ஞ்ச தார் ரோடு. வேன் நாப்பதுலதான் வந்துச்சுன்னு காட்டணும். எப்படிப் போட்டாலும் கணக்கு வர மாட்டேங்குது."

"வராது சார். பதினெட்டு மீட்டர்னா வேகம் அம்பத்தாறு இருக்கும்."

"இன்னொரு தடவை போட்டுப் பாருங்களேன்."

போட்டாள். அதே ஐம்பத்தாறு.

"சரி, நாப்பதுல வந்திருந்தா?"

"ஆற்றல் பாதியாயிடும் சார். ஒம்பது மீட்டர்லயே நின்னிருக்கும்."

அன்றைக்கு அவர் பிரேக் போட்ட இடத்திலிருந்து பன்னிரண்டாவது மீட்டரில்தான் கொத்தனார் ஒருவரின் சைக்கிள் வேனில் அடிபட்டது. டிரைவர் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார்.

டீச்சர் பதறிப்போனாள். "கேஸ் நடக்குதா சார்? நல்ல வக்கீலாப் பாருங்க."

சத்தம் கேட்டு சமையலறையிலிருந்து மனைவி ஓடிவந்தாள். "கேஸ் முடிஞ்சு ஆறு மாசமாச்சும்மா. செத்தவர் மேலதான் தப்புன்னு இவரை விட்டுட்டாங்க. அன்னையிலேர்ந்து மனுஷன் தூங்கவே இல்ல."

டிரைவர் எழுந்து சட்டையை மாட்டினார்.

"எங்கங்க கிளம்பிட்டீங்க?"

"கொத்தனார் வீட்டுக்கு. அவரு மேல தப்பே இல்லைன்னு அந்தம்மாகிட்ட சொல்லணும்."