பின்குரல்

தூத்துக்குடி ராப் பாடகன் சேர்மராஜின் பாணியே அதுதான். தன் வரிகளுக்குப் பின்னால் தன் குரலிலேயே ‘ஆமா’ போட்டுக்கொள்வான். மூன்றாவது ஆல்பத்தில், அவனைப் பெரிய ஆளாக்கிய “உப்பளத்துல பொறந்தவன்” வரியை மறுபடி பாடியபோது, பின்னால் அதே குரல் “இல்ல” என்றது.

“நான் சொல்லவே இல்லியே!”

“நீதாம்ல சொல்லிருக்க. ஒன் குரல் எனக்குத் தெரியாதா?” என்றான் ஒலிப்பதிவு செய்த பெலிக்ஸ்.

அழித்துவிட்டுப் பாடினான். திரும்பவும் “இல்ல.” தொலையட்டும் என்று அப்படியே வெளியிட்டார்கள். பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. மேடையில் அவன் அந்த வரிக்கு வந்ததும் ஆயிரம் பேர் “இல்ல!” என்று கத்தினார்கள்.

இறங்கியதும் அம்மாவுக்குப் போன் போட்டான். “எம்மா, நான் உப்பளத்துலதான பொறந்தேன்?”



“சாப்பிட்டியாய்யா?” என்றாள்.