சாவு லீவு

"மறுபடியும் சாவா? உன் சொந்தத்துல இன்னும் யாராவது மிச்சம் இருக்காங்களாய்யா?"

மறைமலை நகர் தொழிற்சாலையில் மேனேஜர் வேதாசலம் முறைத்தார்.

"பொய் இல்ல சார். தாம்பரத்துல நிஜமாவே சாவு," என்றான் ஆபேல்.

லீவு கிடைத்தது.

அடுத்த திங்கட்கிழமை பேப்பரில் படம் வந்திருந்தது. ஞாயிறன்று நடந்த தேசிய பேண்டு வாத்தியப் போட்டியில் தாம்பரம் குழு முதலிடம். நடுவில் கோப்பையும் டிரம்பெட்டுமாக ஆபேல்.

வேதாசலம் கூப்பிட்டார். "அப்ப சாவுன்னதெல்லாம் ரிகர்சலுக்கா?"

"சாவுக்குத்தான் சார் போனேன். சவ ஊர்வலத்துல வாசிக்கிறதுதான் எங்க பேண்டோட வேலை. அப்படி வாசிச்சு வாசிச்சுத்தான் இந்தக் கப்பு. எங்க வீட்டுச் சாவுன்னு என்னிக்காவது சொன்னேனா?"

வேதாசலம் எழுந்து கை கொடுத்தார். "என் சாவுக்கும் நீதான்யா வாசிக்கணும்."

"கண்டிப்பா சார். ஆனா அன்னிக்கு எனக்கு லீவு யார் குடுப்பாங்க?"