ரெண்டாம் பக்கம்

தென்காசி நூலகத்தின் ஆவண அறைக்கு மூன்று நாளாக வந்துகொண்டிருந்த அந்த அம்மா, ஒரே கடிதத்தைத்தான் கேட்டு வாங்கினார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் துபாயிலிருந்து மைதீன் பிச்சை என்பவர் மனைவி சைதூன் பீவிக்கு எழுதிய நாலு பக்கக் கடிதம் அது.

அறையைக் கவனிக்கும் ஷாரோனுக்குப் பொறுக்கவில்லை.

"ஆராய்ச்சியாம்மா? இன்னும் ரெண்டாம் பக்கத்தத் தாண்டலியே! அடுத்தவ புருஷன் எழுதுனத இப்படியா துருவித் துருவிப் படிப்பாங்க?"

"எம் புருஷன்தான் தாயி. நான்தான் அந்த சைதூன் பீவி."

ஷாரோன் திகைத்தாள். "அப்ப கடுதாசி வந்த அன்னைக்கே வாசிச்சிருப்பீங்களே!"

"எனக்கு அப்ப எழுத்துத் தெரியாது. மாமனார்தான் வாசிச்சுக் காட்டுவாக. நாலு பக்கமும் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும். 'எல்லாருக்கும் சலாம்'னு மடிச்சுத் தன் பெட்டியில வச்சுக்கிடுவாக. அவுக மவுத்தானதும் பெட்டிய கொழுந்தன் இங்கன குடுத்துட்டாரு. எழுதுனவுகளும் இப்ப இல்ல. போன வருஷந்தான் எழுத்துக்கூட்டப் படிச்சேன்."

அவர் விரல் நின்ற இடத்தை ஷாரோன் எட்டிப் பார்த்தாள்.

'சைதூனு, இந்தப் பக்கத்த வாப்பா உனக்கு வாசிச்சுக் காட்ட மாட்டாகன்னு தெரியும். ஆனாலும் எழுதுதேன்.'